மாஸ்டர் கையில் ஒரு மாசி இரவு

காமன் கூத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுதான் அதிகம். ஒன்று பெருமைப் பேச்சு: மலையகத்தின் அடையாளம், தலைமுறை தலைமுறையாக வந்த சொத்து, அழியவிடக் கூடாது. மற்றது சலிப்புப் பேச்சு: விடிய விடியத் தப்படித்து, குடித்து, மறுநாள் வேலைக்குப் போகாமல் கிடக்கும் பழைய வழக்கம். இரண்டு பேச்சும் கூத்தைத் தள்ளி நின்று பார்க்கின்றன. ஒரு தோட்டத்துச் சனம் முழுவதையும் பதினைந்து நாள் ஒன்றாகச் சேர்த்து, கடைசி இரவில் அந்தியிலிருந்து விடியும் வரை தூங்கவிடாமல் வைத்திருக்கும் வேலையை யார், எப்படிச் செய்கிறார்கள் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. அந்த நடத்தும் வேலையில்தான் கூத்தின் பலம் இருக்கிறது. அதன் கோளாறுகளும் அங்கேதான் இருக்கின்றன.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக ஏறி, மன்ராசியைக் கடந்து அக்கரப்பத்தனைக்கும் டயகமவுக்கும் போகும் பாதையின் இருபக்கமும் தேயிலை. ஹோல்புரூக், பெல்மோரல், வேவர்லி, ஊட்டுவள்ளி என்று தோட்டத்துக்குத் தோட்டம் பெயர் மாறும். லயம் மட்டும் மாறாது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், முன்னால் நீளமான ஒடுங்கிய வாசல், கீழே அடுத்த லயம். 1820களில் கோப்பிக் காலத்தில் தொடங்கி, 1867க்குப் பிறகு தேயிலைக் காலத்திலும் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சாமிகளில் காமனும் ஒருவன். ஊரில் அவனுக்கு இருந்த வடிவம் வேறு. தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகை என்றால் லாவணிதான் முன்னுக்கு நிற்கும். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. டேப்பும் துந்தினாவும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் பாட்டில் வாதிடுவார்கள். இங்கே வாதம் பின்னுக்குப் போய் வேடமும் ஆட்டமும் முன்னுக்கு வந்தன. என் கணிப்பில் இதற்கு லயத்தின் அமைப்பும் ஒரு காரணம். ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்கும் கலைக்கு ஊர் மந்தை வேண்டும். நடந்து போய் ஆடும் கலைக்கு லயத்து வாசல் போதும். அந்த வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஆடிக்கொண்டே போனால் ஒரு வீடும் விடுபடாது.

கால ஒழுங்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து இரவுதோறும் தப்புச் சத்தம். ரதியும் மதன் என்ற காமனும் வேடம் கட்டி லயம் லயமாக ஆடிப் போவார்கள். பௌர்ணமி இரவில் கல்யாணம், ஓலை, சிவனின் தவம் கலைத்தல், நெற்றிக்கண், காமன் எரிதல், ரதியின் புலம்பல். மூன்றாம் நாள் காமனை எழுப்புவதோடு முடியும். கதையை இத்தோடு விட்டுவிடலாம்.

இதை நடத்துகிறவரை மாஸ்டர் என்கிறோம், சில இடங்களில் வாத்தியார். பாட்டுக் கொப்பி அவரிடம் இருக்கும். யார் ரதி, யார் மதன், யார் வீரபத்திரன் என்று தீர்மானிப்பது அவர். எந்த வேடம் எப்போது வெளியே வர வேண்டும், தப்பு எப்போது இறங்க வேண்டும், எப்போது ஏற வேண்டும் என்பதும் அவர் கையில். கூத்துக்கு மாதக் கணக்கில் ஒத்திகை கிடையாது. பகலெல்லாம் மலையில் நின்றவர்கள் அந்தியில் வந்து நிற்பார்கள். அவர்களை வைத்துத்தான் எல்லாம். ஆகவே மாஸ்டரின் முதல் திறமை பாட்டோ ஆட்டமோ அல்ல. ஆளைப் பார்த்து வேடம் கொடுப்பதுதான். நல்ல மாஸ்டர் மதனுக்கு அழகான பையனைத் தேடமாட்டார். பதினைந்து இரவும் மூச்சு வாங்காமல் ஆடக்கூடியவனைத் தேடுவார். கொழும்பில் கடையில் நிற்கும் பொடியனுக்கு லீவு கிடைக்குமா, கிடைத்தாலும் எத்தனை நாளைக்கு என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பார். அவனுக்கு நந்தியோ ஓலைத் தூதனோதான். கடைசி இரவுக்கு வந்தால் போதும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் அந்தக் கடைசி இரவில்தான் தெரியும். பத்து மணி நேரத்துக்குக் குறையாத நிகழ்ச்சி அது. பார்க்கிறவர்களில் கைக்குழந்தை முதல் கிழவி வரை இருப்பார்கள். மாசிப் பனி. இரவு எட்டு மணிக்கு எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும், அதனால் அந்த நேரத்தில் மாஸ்டர் அவசரப்படமாட்டார். ரதியும் மதனும் நிதானமாக ஆடுவார்கள். பாட்டு நீளும். உறவுமுறையைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கிறவர்களுக்காக ஆட்டம் நிற்கும், பெயர் சொல்லி வாழ்த்தும், பிறகு தொடரும். கல்யாணக் காட்சியில் தோட்டமே கல்யாண வீடாகும். சீர்வரிசைத் தட்டு வரும். நள்ளிரவுக்குப் பிறகு பிள்ளைகள் மடியில் சாய்வார்கள், கம்பளிக்குள் தலை போகும். குறவனும் குறத்தியும் வருவது அப்போதுதான். சிரிப்பு கொஞ்சம் நேரத்தை ஓட்டும். அதுவும் தளர்ந்தபின் பந்தத்தோடு வீரபத்திரன் வருவான். இடுப்பில் கயிறு கட்டி நாலு பேர் பிடித்து இழுக்க, அவன் கூட்டத்துக்குள் பாய, தூங்கிய பிள்ளையும் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளும். கதையில் வீரபத்திரன் தோன்றும் தக்கன் யாகத்துக்கும் காமனுக்கும் நேரடித் தொடர்பு குறைவு என்று படித்தவர்கள் குறை சொல்வதுண்டு. கதைக்குப் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் அதிகாலை இரண்டு மணிக்குக் கூட்டத்தை எழுப்ப அதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. அந்த வேடத்தை அந்த நேரத்தில் வைத்தவர்கள் சனத்தின் உடம்பை அறிந்து இரவைத் திட்டமிட்டவர்கள்.

தப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மரச் சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டிய வாத்தியம் அது. மலைக் குளிரில், மூடுபனி இறங்கும் நேரத்தில் தோல் ஈரம் வாங்கித் தொய்ந்துவிடும். அடித்தால் ஓசை எழாது. அதனால் பொட்டலின் ஓரத்தில் எப்போதும் ஒரு நெருப்பு எரியும். மட்டையும் காய்ந்த தேயிலைக் கவ்வாத்து மிளாறும் போட்டு எரியவிட்டு, தப்பைத் தணலுக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பிடிப்பார்கள். தோல் இறுகிவிட்டதா என்று விரலால் தட்டிப் பார்ப்பார்கள். அதிகம் காய்ந்தால் தோல் வெடிக்கும், குறைந்தால் இரண்டு பாட்டுக்குள் மறுபடி தொய்யும். ஆகவே நாலு தப்பு இருந்தால் எந்த நேரமும் ஒன்று நெருப்பில், மூன்று ஆட்டத்தில். அடுத்து வருவது வேகமான ஆட்டம் என்றால் முந்தின பாட்டிலேயே மாஸ்டர் நெருப்புப் பக்கம் பார்த்துத் தலையசைப்பார். நன்றாகக் காய்ந்த தப்பு வீரபத்திரனுக்குத் தயாராக இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கவனிக்கத் தேவையும் இல்லை. ஆனால் இரவு இந்த ஏற்பாட்டை நம்பித்தான் ஓடுகிறது.

ஆட்டம் நடக்கும்போது மாஸ்டர் செய்வது இன்னும் கடினம். ஜால்ராவோடு ஓரமாக நிற்பார். பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுப்பார், பின்பாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த அசைவு வருவதற்குச் சற்று முன்பே குரலை ஏற்றுவார். ஆடுகிறவன் அதில் பிடித்துக்கொள்ள வேண்டும். பையன் பதற்றத்தில் ஓடினால், “தம்பி, ஓடாத, ரதியப் பாத்து ஆடு” என்று பாட்டுக்கு நடுவிலேயே சொல்வார். சொன்னது பாட்டோடு கலந்து போகும். மதன் களைத்துவிட்டான் என்று தெரிந்தால் ஒரு வசனத்தை நீட்டி அவனுக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பார். மழை வரும்போலிருந்தால் நாலு பாட்டை ஒன்றாகச் சுருக்குவார்.

உலகத்தில் வேறெங்கும் இல்லாத திறமை என்று இதைச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்து மாநிலங்களில், கொன்ட்ரா என்ற வரிசை நடனம் ஆடுகிறார்கள். 1651இல் ஜோன் பிளேஃபோர்ட் லண்டனில் வெளியிட்ட நடனப் புத்தகத்திலிருந்து வளர்ந்த இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து நாட்டுப்புற நடனங்களின் வழிவந்தது அது. நமது தோட்டங்களுக்குப் பெல்மோரல் என்றும் வேவர்லி என்றும் பெயர் வைத்தவர்களின் ஊர்ச் சொத்து என்றே சொல்லலாம். இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். ஒரு சுற்று முடிய ஒவ்வொரு சோடியும் வரிசையில் ஓரிடம் நகர்ந்து அடுத்த சோடியைச் சந்திக்கும். இரவு முடிவதற்குள் மண்டபத்திலுள்ள பெரும்பாலானோரோடு ஒவ்வொருவரும் ஆடியிருப்பார். அங்கேயும் ஒருவர் ஓரமாக நின்று அசைவுகளைச் சொல்லிக் கொடுப்பார். பாட்டின் அந்த இடம் வருவதற்குச் சற்று முன்னரே சொல்லிவிடுவார். இரவுக்கான நிகழ்ச்சி நிரலை அவர்தான் போடுவார்: முதலில் புதியவர்களுக்கான எளிய ஆட்டம், கூட்டம் சூடேறியபின் கடினமானது, களைப்பு வரும்போது மெதுவானது, முடிவில் வால்ட்ஸ். லயத்து வாசலில் ரதியும் மதனும் வரிசையின் ஒவ்வொரு வீட்டையும் சந்தித்துப் போவதும், அங்கே சோடிகள் வரிசையில் நகர்ந்து எல்லோரையும் சந்திப்பதும் ஒரே நோக்கத்தைத்தான் நிறைவேற்றுகின்றன. கூட்டத்தில் யாரும் தனியாக நின்றுவிடக் கூடாது.

ஆனால் ஓர் இடத்தில் அவர்கள் நம்மைவிட நல்ல வழி கண்டிருக்கிறார்கள். அதை ஒப்புக்கொள்ளாமல் கூத்தைப் பாராட்டினால் அது வெறும் பாராட்டு. கொன்ட்ரா நடத்துகிறவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடங்குமுன் இசையில்லாமல் ஒருமுறை எல்லோரையும் நடக்கவைத்துக் காட்டுவார். இன்றைக்கு முதன்முறை வந்தவரும் அதில் சேரலாம். பிறகு இசை தொடங்கும். இரண்டு மூன்று சுற்று வரை அசைவுகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆடுகிறவர்களுக்குப் பிடிபட்டதும் சொற்களைக் குறைத்து, கடைசியில் வாயை மூடிக்கொள்வார். தன்னை வேண்டாதவராக்கிக்கொள்வதுதான் அவரது வெற்றி. தன்னிடமுள்ள ஆட்டங்களைச் சிறு அட்டைகளில் எழுதி வைத்து மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வதும் அங்கே வழக்கம்.

நமது மாஸ்டர்மார் பலரிடம் இதற்கு நேர்மாறான பழக்கம் இருக்கிறது. கொப்பியைப் பிறர் கையில் கொடுப்பதில்லை. கொடுத்தால் மதிப்புக் குறையும் என்ற பயம். மகனுக்கோ மருமகனுக்கோ கடைசிக் காலத்தில் சொல்லிக் கொடுப்பார், அல்லது கொடுக்காமலே போய்விடுவார். பதினைந்து இரவு மதனாக ஆடியவனுக்குக்கூடத் தன் பாட்டு மட்டும்தான் தெரியும். முழு இரவின் ஒழுங்கு தெரியாது. இதனால் ஒரு மாஸ்டர் போனால் அந்தத் தோட்டத்தின் காமனே போகிறான். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்குப் போகச் சொன்னபோது தோட்டங்கள் ஆட்களை மட்டும் இழக்கவில்லை. பாட்டுத் தெரிந்தவர்களையும் தப்படிக்கத் தெரிந்தவர்களையும் சேர்த்தே இழந்தன. போனவர்களின் தலைக்குள் இருந்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தார். மாத்தளை வடிவேலன் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் பாட்டை எழுதி வைப்பது பாதி வேலைதான். எந்தப் பாட்டை எந்த மணிக்கு எடுப்பது, ஆடுகிறவன் தடுமாறினால் எங்கே கொண்டுபோய் விடுவது என்பது பாட்டுப் புத்தகத்தில் வராது. அதை மாஸ்டரின் பக்கத்தில் நின்றுதான் படிக்க முடியும். அப்படிப் பக்கத்தில் நிற்க ஓர் இளைஞனை விட வேண்டும்.

இளைஞன் என்று எழுதும்போதே அடுத்த குறை முன்னுக்கு வருகிறது. ரதி பெண். ஆனால் ரதி வேடம் கட்டுவது ஆண். பின்பாட்டு ஆண், தப்பு ஆண், மாஸ்டர் ஆண். பெண்கள் ஆலாத்தித் தட்டோடு வாசலில் நிற்பார்கள், தேத்தண்ணி ஊற்றுவார்கள், கம்பளிக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். அவ்வளவுதான். விரதம், தீட்டு என்று காரணம் சொல்லப்படுகிறது. ஆனால் கணக்கைப் பார்த்தால், கூத்துக்குக் காசு வருவதில் பெரும்பங்கு கொழுந்து பறிக்கிறவர்களின் உழைப்பு. கோயில் சந்தா செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், பிடிபடும்போது ஆண் பேர் பெண் பேர் என்று பிரித்துப் பிடிப்பதில்லை. காமன் எரிந்தபின் ரதி அழும் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அதன் ராகம் நம் வீட்டுச் சாவில் பெண்கள் வைக்கும் ஒப்பாரியின் ராகம். மார்பில் அடித்து, இழுத்து, சொல்லுக்குச் சொல் விம்மிப் போகும் அந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் நமது பாட்டிமார். ஒப்பாரி சொல்லத் தெரிந்தவள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க, தெரியாத பொடியன் அதைப் போலி செய்கிறான். விரதம் இருக்க முடியாதவர்கள் என்று பெண்களைத் தள்ளி வைப்பது எந்த நியாயத்திலும் நிற்காது. ஆடி மாதத்திலும் மாரியம்மன் திருவிழாவிலும் நாள் கணக்கில் விரதம் இருந்து பால்குடம் எடுக்கிறவர்கள் யார்?

கொன்ட்ராவிலும் ஆடுகிற இரண்டு பாத்திரங்களுக்கு நெடுங்காலம் ஆண், பெண் என்றே பெயர். அண்மைக் காலத்தில் பல ஊர்களில் லார்க், ரொபின் என்று பறவைப் பெயர்களை வைத்து, யாரும் எந்தப் பக்கத்திலும் நின்று ஆடலாம் என்று மாற்றிக்கொண்டார்கள். நடனம் கெட்டுப்போகவில்லை. ஆண் ரதியாகலாம் என்று ஏற்றுக்கொண்ட நமக்கு, பெண் ரதியாகலாம் என்று ஏற்றுக்கொள்வது அதைவிடச் சுலபமாக இருக்க வேண்டும்.

தப்படிக்கிறவர்கள் விசயத்திலும் நாம் நேர்மையாகப் பேசவில்லை. ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் தப்புத்தான், சாவு வீட்டில் அடித்ததும் தப்புத்தான், சாமிக்கு அடித்ததும் அதே தப்புத்தான். ஆனால் அடித்தவரை மட்டும் சாதிப் பெயர் சொல்லித் தூர நிறுத்தினோம். தோட்டத்தில் எல்லோரும் ஒரே மலையில் வேலை செய்கிறோம், ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறோம். அதனால் சாதி கரைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். கரைந்திருந்தால் தப்பு அடிக்க எல்லா வீட்டுப் பொடியன்களும் வந்திருக்க வேண்டும். நோட்டீசில் உபயகாரர் பெயர் வரும், தலைவர் பெயர் வரும், மாஸ்டர் பெயர் வரும். பத்து மணி நேரம் கை வீங்க அடித்தவர்களின் பெயர் வருவது அபூர்வம். கூலியாகச் சாராயப் போத்தலைக் கொடுத்து அனுப்பும் வழக்கமும் இன்னும் போகவில்லை. கலைஞனுக்குக் காசு கொடுக்க வேண்டும். போத்தல் கொடுப்பது அவமரியாதை. அந்த வழக்கம் பின்பு கூட்டத்துக்கும் பரவி, கயிறு பிடிக்க வேண்டியவர்களே தள்ளாடும் நிலையில் வீரபத்திரன் பந்தத்தோடு பாயும்போது அது ஆபத்தாகவும் ஆகிறது.

நாள் கணக்கிலும் மாஸ்டர்மாரும் கோயில் கமிட்டியும் இன்னும் யோசிக்க வேண்டும். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் வேலைக்குப் போனால்தான், சொன்ன கிலோவைப் பறித்தால்தான். பௌர்ணமி போயா விடுமுறை. ஆனால் பௌர்ணமி இரவு விடியும் நாள் வேலை நாள். விடிய ஆடிவிட்டு மலைக்கு ஏற முடியாதவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாட்சம்பளம், போகும்; அரைப்பேராவது போகும். கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து என்றால் அந்த வீட்டுக்கு இரண்டு பேர் நட்டம். பிள்ளைகளின் படிப்பையும் பார்க்க வேண்டும். 2025இல் மாசிப் பௌர்ணமியை ஒட்டிய மெதின் போயா மார்ச் 13இல் வந்தது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மார்ச் 17இல் தொடங்கியது. அதாவது மூன்றாம் பிறை முதல் காமன் எரியும் வரை உள்ள இரவுகள் எல்லாம் பரீட்சைக்கு முந்திய இரவுகள். இரண்டு காம்பரா வீட்டில் படிக்கிற பிள்ளைக்குத் தப்புச் சத்தத்திலிருந்து ஒதுங்க இடமில்லை. தப்பாவது ஒன்பது மணிக்கு அடங்கும். இப்போது அதோடு ஸ்பீக்கர் பெட்டியும் சினிமாப் பாட்டும் சேர்ந்துவிட்டன. காமனை எரிக்கும் திதியை மாற்றச் சொல்லவில்லை. இடைப்பட்ட இரவுகளை எட்டரைக்குள் முடிக்கலாம். ஸ்பீக்கரே வேண்டாம் என்று தீர்மானிக்கலாம். லயத்து வாசல் அளவுக்குத் தப்பும் குரலும் தாராளமாகப் போதும். அந்த அளவை வைத்துத்தான் முன்னோர் இந்த ஆட்டத்தைக் கட்டினார்கள்.

இந்தக் குறைகளைக் கண்டவர்கள் சிலர் கூத்தை மேடைக்குக் கொண்டுபோவதே தீர்வு என்றார்கள். தமிழ்மொழித் தினப் போட்டி, சாகித்திய விழா, மலையக மக்கள் வந்த இருநூறாம் ஆண்டை ஒட்டி 2023இல் நடந்த நிகழ்ச்சிகள் என்று காமன் மேடையேறுவது கூடிவிட்டது. அதில் நன்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். பாடசாலை மேடையில் பெண்பிள்ளைகள் ரதியாக ஆடுகிறார்கள். பொட்டலில் நடக்காதது அங்கே எந்தச் சச்சரவும் இல்லாமல் நடக்கிறது. தப்பை விரும்பிக் கற்கும் பிள்ளைகளும் அங்கே உருவாகிறார்கள். ஆனால் மேடைக்கு ஒதுக்குவது பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் மாஸ்டருக்கு வேலையே இல்லை. அசைவுகள் முன்னரே கட்டிவைக்கப்பட்டவை. பாட்டுப் பல நேரம் பதிவு செய்து ஓடவிடப்படுவது. களைத்தவனுக்காக நிற்கவோ காசு கொடுத்த கிழவிக்காகப் பேர் சொல்லி வாழ்த்தவோ இடமில்லை. பார்க்கிறவர் நடுவராகவும் கைதட்டுகிறவராகவும் ஆகிவிடுகிறார். சீர்வரிசைத் தட்டு எடுத்து வருகிறவராக, வீரபத்திரனின் கயிறு பிடிக்கிறவராக, எரிந்த காமனுக்காகக் கண் துடைக்கிறவராக அவர் இருந்த இடம் போய்விடுகிறது. மேடையில் மிஞ்சுவது கதையும் உடுப்பும். இரவை நடத்தும் அறிவு மேடையேறுவதில்லை.

என் தீர்ப்பு இதுதான். காமன் கூத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் கதையையோ கிரீடத்தையோ காப்பாற்றிப் பயனில்லை. பொட்டலையும், இரவையும், இரவை நடத்தத் தெரிந்த ஆளையும் காப்பாற்ற வேண்டும். மேடை பெண்பிள்ளைகளுக்குத் திறந்த கதவைப் பொட்டலும் திறக்க வேண்டும். அது முடியாத காரியமில்லை. கூத்து எப்போதும் மாறித்தான் வந்திருக்கிறது. தஞ்சாவூர் லாவணி லயத்து வாசலில் ஆட்டமாக மாறியபோது யாரும் சாஸ்திரம் கேட்கவில்லை.

அக்கரப்பத்தனைப் பக்கத்துக் கோயில் கமிட்டிகளுக்கும் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாசிக்குக் காமன் ஊன்றப் போகிறீர்கள் என்றால், தையிலேயே மாஸ்டரோடு உட்காருங்கள். அந்த வருடப் பரீட்சை நாள், போயா நாள், தோட்டத்து வேலை நாள் மூன்றையும் நாட்காட்டியில் பார்த்து இரவுகளைக் குறியுங்கள். தப்படிக்கிறவர்களுக்கு எவ்வளவு காசு என்று முதலிலேயே பேசி, நோட்டீசில் அவர்கள் பெயரைப் போடுங்கள். இரண்டு சனிக்கிழமை மாலைகளில், வேடமும் பூசையும் இல்லாமல், லயத்து வாசலில் அடிப்படை ஆட்டத்தை எல்லோருக்கும் நடந்து காட்டச் சொல்லுங்கள். வரும் பொடியன்களும் பெண்பிள்ளைகளும் வரட்டும். மாஸ்டரின் பக்கத்தில் ஆண் ஒருவரையும் பெண் ஒருவரையும் முழு இரவும் நிற்கவிட்டு, எது எப்போது எடுக்கப்பட்டது என்று எழுதச் சொல்லுங்கள். கொப்பியைப் பிரதி எடுத்துப் பாடசாலை நூலகத்தில் ஒன்று வையுங்கள். காமன் எரிந்தபின் ரதியின் புலம்பலைப் பாட, உங்கள் தோட்டத்தில் நன்றாக ஒப்பாரி வைக்கத் தெரிந்த அம்மாவைப் பொட்டலுக்கு நடுவே வரச் சொல்லிக் கூப்பிடுங்கள்.